கத்தரிக்குத் தப்பிய புத்தகம்

பழம்புத்தக ஏலப் பட்டியல்களை மேய்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு முன்ஸ்டர் என்ற பெயர் புதிதல்ல. உலக நாடுகளை வரைபடங்களோடும் படங்களோடும் விவரிக்கிற செபாஸ்டியன் முன்ஸ்டரின் காஸ்மோகிராபியா, சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அச்சு, ஃபோலியோ என்கிற பெரிய தாள் அளவு, மரப்பலகை மேல் பன்றித்தோல் போர்த்திய கட்டு என்று தொடங்கி, பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து வரி ஓடும். முழுப் பிரதி என்றால் விலை ஐந்திலக்க டாலர், பதிப்பும் நிலையும் நன்றாக இருந்தால் ஆறிலக்கத்தையும் தொடலாம். 'அரிய நூல்' என்ற சொல் அநேகமாக எல்லாப் பட்டியலிலும் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அச்சான காலத்தில் இது அரிய நூலே அல்ல. 1544இல் ஜெர்மன் மொழியில் முதல் பதிப்பு வந்தது. கடைசி ஜெர்மன் பதிப்பு 1628இல். இடைப்பட்ட 84 ஆண்டுகளில் லத்தீன், பிரெஞ்சு, இத்தாலி, செக் என்று பல மொழிகளில் திரும்பத் திரும்ப அடித்துத் தள்ளினார்கள். ஐரோப்பாவில் ஓரளவு வசதியுள்ள வீட்டில், உலகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் புரட்டிய புத்தகம் அது. அப்படியிருக்க, இன்று முழுப் பிரதி ஒன்று சந்தைக்கு வந்தால் ஏன் இத்தனை ஆரவாரம்? தீயும் கரையானும் போரும் கொஞ்சம் தின்றன, உண்மைதான். அதிகம் தின்றது கத்தரி.

அதற்கு முன்னால் புத்தகம் உருவான கதை.

முன்ஸ்டர் புவியியல் படித்துப் பேர் வாங்கியவர் அல்ல. ரைன் நதிக்கரையில் இங்கெல்ஹைம் என்ற ஊரில் பிறந்து, பிரான்சிஸ்கன் துறவியாகி, ஹீப்ரு மொழியில் புலமை பெற்றவர். பின்னர் துறவறத்தை விட்டு சீர்திருத்தக் கிறிஸ்தவத்துக்கு மாறி, 1529இல் பாசல் பல்கலைக்கழகத்தில் ஹீப்ரு பேராசிரியராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஆதாம் பெட்ரி என்ற அச்சகக்காரரின் விதவையை மணந்துகொண்டார். மனைவியின் முதல் திருமணத்து மகன் ஹைன்ரிஹ் பெட்ரியே பின்னாளில் காஸ்மோகிராபியாவை அச்சிட்டார். எழுதுகிறவர் அப்பா, அச்சகம் பிள்ளையுடையது. இவ்வளவு பெரிய புத்தகத்தை இத்தனை முறை திருத்தித் திருத்தி வெளியிட முடிந்ததற்கு இந்தக் குடும்ப ஏற்பாடு பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஜெர்மன் 100 மார்க் நோட்டு யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1960களில் வெளிவந்த அந்த நோட்டில், கறுப்புத் தொப்பியோடு சற்றுச் சோர்ந்த முகத்துடன் இருக்கிற கிழவர் இவர்தான்.

ஒரு மனிதர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தையே எப்படி எழுத முடியும்? முடியாது என்று முன்ஸ்டருக்கே தெரியும். அதனால் 1528இல் ஜெர்மன் அறிஞர்களுக்கு அச்சில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஒவ்வொருவரும் தம் ஊரைச் சுற்றிச் சில மைல் தூரத்தை அளந்து, ஆறு, காடு, கிராமம் எல்லாம் குறித்து வரைந்து அனுப்புங்கள், நான் தொகுத்துக்கொள்கிறேன் என்றார். எப்படி அளப்பது என்பதற்கு ஒரு சின்னக் கருவியையும் செய்முறையையும் சேர்த்தே கொடுத்தார். இப்படிச் சேர்ந்த சரக்கில் பாதிரியார்கள், நகராட்சி எழுத்தர்கள், பிரபுக்கள், அறிஞர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கை இருக்கிறது. ஊருக்கு ஊர் தரம் மாறும். ஒரு நகரம் துல்லியமான படம் அனுப்பும். இன்னொன்று தற்பெருமை மட்டும் அனுப்பும். தாமதிக்கிறவர்களுக்கு நினைவூட்டிக் கடிதம் எழுதியே மனிதருக்குப் பாதி வாழ்நாள் போயிருக்கும்.

1544 பதிப்பில் 24 இரட்டைப் பக்க வரைபடங்கள், சுமார் 500 மரச்செதுக்குப் படங்கள். 1550இல் புத்தகம் ஊதிப்போய், படங்கள் 900ஐ ஒட்டி வந்துவிட்டன. பெரிய நகரக் காட்சிகள் இந்தப் பதிப்பில்தான் சேர்ந்தன. ஹைடெல்பெர்க், வியன்னா போன்ற சிலவற்றை மடித்து மடித்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். சேகரிப்பாளர்களில் ஒரு சாரார் முதல் பதிப்பைத்தான் துரத்துவார்கள். என்னைக் கேட்டால் 1550தான் புத்தகம். 1544 அதற்கான ஒத்திகை. இரண்டே ஆண்டில், 1552இல், முன்ஸ்டர் பாசலில் பிளேக் நோய்க்குப் பலியானார்.

படங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மரக்கட்டையில் கோடு வேண்டிய இடத்தை மேடாக விட்டு மற்றதைச் செதுக்கி எறிய வேண்டும். மலை, மரம், கப்பல் எல்லாம் இப்படிச் செதுக்கிவிடலாம். பொடி எழுத்தில் ஊர்ப்பெயரை இடவலம் மாற்றிச் செதுக்குவது உயிரை வாங்கும் வேலை. அதோடு, லத்தீனில் ஒரு பெயர், ஜெர்மனில் ஒரு பெயர், பிரெஞ்சில் வேறு. மொழிக்கு ஒரு கட்டை செதுக்கினால் கட்டுப்படியாகுமா? பெட்ரி அச்சகம் வேறு வழி கண்டது. வரைபடக் கட்டையில் பெயர் வரும் இடங்களைக் குடைந்தெடுத்து, அச்செழுத்திலிருந்து வார்த்த மெல்லிய உலோகத் தகடுகளை அந்தப் பள்ளத்தில் பதித்தார்கள். பதிப்பின் மொழி மாறும்போது கட்டை அப்படியே இருக்கும். தகடு மட்டும் மாறும்.

இது சேகரிப்பாளருக்குக் கிடைத்த வரம். தகடு நழுவி ஒரு பெயர் கோணலாக நிற்கும், ஒரு பதிப்பில் தடித்த எழுத்தாக இருந்தது அடுத்ததில் மெலிந்திருக்கும். இந்த வித்தியாசங்களை வைத்தும், தாளின் பின்புறத்தில் அச்சாகியுள்ள தலைப்பும் குறிப்பும் எந்த மொழியில் இருக்கின்றன என்பதை வைத்தும், உதிரியாகக் கிடைக்கும் ஒரு வரைபடம் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று பழக்கப்பட்டவர்கள் சொல்லிவிடுவார்கள். 1588இலிருந்து வந்த பதிப்புகளில் கட்டைகளே புதிது. அதற்குள் ஆன்ட்வெர்ப் நகரிலிருந்து 1570இல் வரைபடக்காரர் ஆர்ட்டெலியஸின் செப்புத்தகட்டு அட்லஸ் வந்து சந்தையைப் பிடித்திருந்ததால், முன்ஸ்டரின் புத்தகமும் தன் வரைபடங்களை அதன் சாயலில் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆக, முன்ஸ்டர் வரைபடம் என்று ஒருவர் விற்றால், முதல் தலைமுறையா இரண்டாம் தலைமுறையா என்று கேட்பது நல்லது. விலை அப்படியே மாறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாப் படமும் அந்தந்தப் பொருளுக்காகவே செதுக்கப்பட்டதல்ல. ஒரே ராஜா முகம் இரண்டு மூன்று ராஜாக்களுக்கு ஓடும். ஒரு போர்க்களம் இன்னொரு போருக்கும் உதவும். அந்தக் கால வாசகர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சரி, இனி கத்தரிக்கு வருவோம்.

முழுப் பிரதிக்கு ஒரு விலை. அதிலுள்ள அமெரிக்க வரைபடம் தனித்தாளாகவே சில ஆயிரம் டாலருக்குப் போகும். பெயர் 'புதிய தீவுகள்'. வட அமெரிக்காவையும் தென்னமெரிக்காவையும் இணைந்த ஒரே நிலமாகக் காட்டிய முதல் அச்சு வரைபடங்களில் ஒன்று. ஓரத்தில் ஜப்பான், அதன் பக்கத்தில் மார்க்கோ போலோ சொன்ன 7448 தீவுகள், பிரேசில் இருக்கும் இடத்தில் மனிதக் காலும் தலையும் தொங்குகிற ஒரு மரக்கிளை. சுவரில் மாட்ட இதைவிட என்ன வேண்டும்? ஹைடெல்பெர்க்கில் படித்த ஒருவருக்கு ஹைடெல்பெர்க் காட்சி வேண்டும். வியன்னாக்காரருக்கு வியன்னா. ஆப்பிரிக்க வரைபடத்தில் ஒற்றைக்கண் அரக்கன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் ஆள் உண்டு. கடல் விலங்குகள் நிறைந்த ஒரு தாள் இருக்கிறது. வட ஐரோப்பியக் கடல்களைப் பற்றி ஸ்வீடன் பாதிரியார் ஒலாஸ் மாக்னஸ் 1539இல் வெளியிட்ட வரைபடத்திலிருந்து எடுத்தாண்ட பூதங்கள் அதில் கும்மாளம் போடும். அதற்கு எப்போதும் கிராக்கி.

செட்டிநாட்டு வீட்டை வாங்கி, பர்மா தேக்குத் தூணைத் தனியே, நிலைக்கதவைத் தனியே, அத்தங்குடிக் கல்லைத் தனியே விற்கிற கணக்குத்தான். உதிரிகளின் கூட்டுத்தொகை முழுசின் விலையைத் தாண்டுகிற நாளில் வீடு நிற்காது. புத்தகத்தில் இது படிப்படியாக நடக்கும். முதலில் யாரோ ஒருவர் ஒரு வரைபடத்தைக் கிழித்துக்கொள்கிறார். தாள் குறைந்ததால் புத்தகத்தின் விலை சரிகிறது. சரிந்த விலைக்கு வாங்குகிற வியாபாரிக்கு அதைப் பிரித்து விற்றால்தான் லாபம். ஆகவே குறைப்பிரதி எதுவும் நீண்ட நாள் குறைப்பிரதியாகவே இருப்பதில்லை, உதிரியாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் இதை யாரும் பாவமாக நினைக்கவில்லை. இன்று பல வியாபாரிகள் முழுப் பிரதியைப் பிரிக்க மாட்டோம் என்கிறார்கள். குறைப்பிரதி விஷயத்தில் அந்த உறுதி கொஞ்சம் தளரும்.

எனவே பட்டியலைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது, தாள் எண்ணிப் பார்த்து முழுமை என்று உறுதி செய்யப்பட்டதா என்பதைத்தான். பக்க எண்ணை மட்டும் நம்பக்கூடாது; அந்தக் கால அச்சகங்களில் பக்க எண் தவறுவது சர்வசாதாரணம். ஒவ்வொரு தாள்கட்டின் கீழ் மூலையிலும் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். தைக்கிறவருக்கு வரிசை தெரிவதற்காக அச்சிட்டது. அதை ஒன்றுவிடாமல் எண்ணி, நூலகங்களில் உள்ள பிரதிகளோடு ஒப்பிட வேண்டும். நல்ல வேளையாக இது இப்போது சுலபம். சுவிட்சர்லாந்து நூலகங்களின் இ-ராரா தளத்தில் பழைய பாசல் அச்சுகளை இலவசமாகவே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

அடுத்து, வேறொரு பிரதியிலிருந்து தாள் எடுத்து இட்டு நிரப்பியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இது மோசடி என்று சொல்ல முடியாது, சொல்லிவிட்டுச் செய்தால். ஆனால் மற்றத் தாள்களின் உயரம் ஒன்று, நடுவில் ஒரு வரைபடத்தின் உயரம் வேறு. மற்றவற்றில் ராமபாணப் பூச்சி துளைத்த துளை ஒரே நேர்கோட்டில் போக, இந்த ஒரு தாளில் மட்டும் துளையே இல்லை. அப்படியானால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம். பூச்சி பொய் சொல்வதில்லை. புத்தகத்தைக் கெடுத்தது என்று நாம் திட்டுகிற அதே துளை, புத்தகம் கலைக்கப்படாமல் இருந்ததற்குச் சாட்சியாகவும் ஆகிறது.

காகிதத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கந்தல் துணியை ஊறவைத்து இடித்துச் செய்த காகிதம் அது. 470 ஆண்டு கழித்தும் தொட்டால் மொடமொடவென்று இருக்கும். நம் வீடுகளில் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நாவல்கள் அப்பளமாக நொறுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது பொறாமையாக இருக்கும்.

வண்ணம் இன்னொரு சிக்கல். முன்ஸ்டரின் படங்கள் கறுப்பு மையில் மட்டுமே அச்சானவை. காசு உள்ளவர்கள் கையால் வண்ணம் தீட்டச் சொல்லி வாங்கினார்கள். அந்தக் காலத்திலேயே தீட்டியது என்றால் மதிப்பு கூடும். உதிரித் தாளை அழகுபடுத்த நூற்றாண்டுகள் கழித்துத் தீட்டியது என்றால் கூடாது. கண்டுபிடிக்கத் தாளைத் திருப்பிப் பார்ப்பார்கள். பழைய பச்சை வண்ணம் செம்பிலிருந்து எடுத்தது. நாளாக ஆக அது காகிதத்தை அரித்து, பின்பக்கத்தில் பழுப்பாக ஊறித் தெரியும். காடும் புல்வெளியும் முன்பக்கம் பச்சையாக இருக்க, பின்பக்கம் தேநீர்க் கறை மாதிரி அதே வடிவம் தெரிந்தால் நல்ல சகுனம்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற கைமாற்ற வரலாறும் கேட்டே ஆக வேண்டும். 2005 ஜூன் மாதம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பைனக்கி நூலகத்தில், தரையில் கிடந்த ஒரு சின்னக் கத்தி அலகை நூலக ஊழியர் பார்த்துச் சந்தேகப்பட்டதில் ஒரு வரைபட வியாபாரி பிடிபட்டார். பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களை அறுத்தெடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து மாட்ரிட் தேசிய நூலகத்தில், பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் நூலின் 1482ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து உலக வரைபடம் அறுக்கப்பட்டது தெரியவந்து, ஒரு தாள் சிட்னி வரை போய்ச் சேர்ந்திருந்தது. விலைக்கு வருகிற உதிரித் தாளில் நூலக முத்திரையைச் சுரண்டிய தழும்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அதனால்தான்.

எல்லாக் காயமும் திருட்டல்ல. முன்ஸ்டர் மதம் மாறியவர் என்பதால் 1559இல் ரோம் வெளியிட்ட தடைப்பட்டியலில் அவர் பெயர் ஏறியது. கத்தோலிக்க நாடுகளில் புத்தகத்தை எறிய மனமில்லாதவர்கள், பேனாவை எடுத்து அவர் பெயரை மட்டும் மையால் மெழுகினார்கள். மாட்ரிட்டில் உள்ள ஒரு பிரதியில், திருச்சபையை விமர்சித்த அறிஞர் எராஸ்மஸின் உருவப்படத்தையே கோரமாகக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். கண்ணிலும் வாயிலும் பேனா புகுந்து விளையாடியிருக்கிறது. சுத்தமான பிரதியைத் தேடுகிற சேகரிப்பாளர் இதைக் கண்டால் முகம் சுளிப்பார். எனக்கோ, இப்படிக் கிறுக்கிய பிரதிதான் சுவாரசியம். நானூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் கோபம் காகிதத்தில் காயாமல் இருக்கிறது.

விலையில் முன்ஸ்டர் உச்சத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1477இல் போலோஞ்ஞாவில் அச்சான தாலமியின் புவியியல் நூல், செப்புத்தகட்டு வரைபடங்களோடு வந்த முதல் தாலமி, 2006 அக்டோபரில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் இருபது லட்சம் பவுண்டைத் தாண்டியது. அந்தப் புத்தகங்கள் எண்ணிக்கையிலேயே குறைவு. முன்ஸ்டர் அப்படியல்ல, பொறுமை இருந்தால் ஒரு பிரதி வரும். என்ன நிலையில் வரும் என்பதுதான் கேள்வி.

தாலமி பெயர் வந்துவிட்டதால் நம் பக்கத்து விஷயத்தையும் தொட்டுவிடலாம். இந்தியா பற்றிய பகுதியில் முன்ஸ்டர் இரண்டு கண்களை வைத்துக்கொண்டு பார்க்கிறார். ஒன்று, கிரேக்க ரோமானியர் காலத்துக் கட்டுக்கதை. ஒற்றைக் காலையே குடையாகப் பிடித்துப் படுத்திருப்பவன், ஒற்றைக்கண்ணி, மார்பில் முகம் உள்ளவன், நாய்த்தலையன் எல்லாரும் வரிசையாகப் போஸ் கொடுக்கும் படம் இந்தியப் பகுதியில்தான் வருகிறது. இன்னொன்று, சமீபத்தில் போய்வந்தவர்களின் வார்த்தை. கள்ளிக்கோட்டைக்கு வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமா, அங்கே ஒரு 'பிசாசை' வணங்குகிறார்கள், அது போப்பின் கிரீடம் போல ஒன்றை அணிந்திருக்கிறது என்று 1510இல் எழுதி வைத்தார். அந்தப் பிசாசு முன்ஸ்டரிடமும் படமாக உட்கார்ந்திருக்கிறது. கோயிலுக்குள் உண்மையில் என்ன இருந்தது என்று பக்கத்தில் போய்ப் பார்த்தவர் எவரும் இப்படி வரைந்திருக்க மாட்டார்.

இதைவிட ருசியானது தாப்ரபனே குழப்பம். தாலமி இரண்டாம் நூற்றாண்டில் தொகுத்த இடப்பெயர்களில் பாண்டியனின் மொதூரா இருக்கிறது, கொற்கை இருக்கிறது, காவிரி முகத்தில் கபேரிஸ் என்ற வணிகத்துறை இருக்கிறது. மதுரையும் பூம்புகாரும் அடையாளம் தெரிகிற அளவுக்கு உச்சரிப்பு. ஆனால் நிலத்தின் வடிவத்தில் கோட்டை விட்டுவிட்டார். தென்னிந்தியத் தீபகற்பம் கிட்டத்தட்டக் காணோம். கடற்கரை கிழக்கு நோக்கி நேராக ஓடிவிடுகிறது. அதற்குக் கீழே தாப்ரபனே, அதாவது இலங்கை, ஒரு கண்டம் மாதிரி பருத்துக் கிடக்கிறது. போர்ச்சுக்கீசியர் வந்து இலங்கையை நேரில் பார்த்ததும், அது தாலமி சொன்ன அளவுக்குப் பெரியதாக இல்லை. பழைய ஆசான் தப்பு பண்ணியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில், அப்படியானால் அந்தப் பெரிய தீவு சுமத்ராவாகத்தான் இருக்கும் என்று பலர் முடிவு கட்டினார்கள். முன்ஸ்டரின் ஆசிய வரைபடத்தில் இலங்கை 'சைலோன்' என்று தன் இடத்தில் சின்னதாக இருக்கிறது. தாப்ரபனே என்ற பெயர் கிழக்கே சுமத்ராவுக்குப் போய்விட்டது.

பின்னாள் ஜெர்மன் பதிப்புகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தாலமி வரைந்தபடி இலங்கையின் அதே பழைய வடிவத்தை அச்சிட்டு, மேலே 'சுமத்ரா, பழைய புவியியலாளர்கள் தாப்ரபனா என்று அழைத்த பெருந்தீவு' என்று தலைப்புப் போட்டார்கள். படம் இலங்கை, பெயர் சுமத்ரா.

முழுப் புத்தகத்தில் அந்தத் தாளுக்கு முன்னும் பின்னும் விளக்கம் ஓடும், யார் யாரை எப்படிக் குழப்பினார்கள் என்று புரிந்துகொள்ளலாம். அறுத்தெடுத்த உதிரியாக வரும்போது அந்த வசதி இல்லை. வரைபடக் கடைகளில் அது சில சமயம் சுமத்ரா பிரிவில் கிடைக்கும், சில சமயம் இலங்கைப் பிரிவில்.